பல் டாக்டரின் இங்கிலீஷ் வீடு

என் கீழ்த்தாடையில் இடது பக்கம் ஒரு கடைவாய்ப் பல் உண்டு. அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். இருவர் கோயம்புத்தூரில், ஒருவர் நியூ ஜெர்சியில். நான்காவதாகப் பார்த்தவர் இவர். வாயைத் திறக்கச் சொல்லி, சிறிய கம்பி ஒன்றின் பின்பக்கத்தால் அந்தப் பல்லை மூன்று தட்டுத் தட்டினார். பக்கத்துப் பல்லையும் தட்டினார். இரண்டு சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்துவிட்டு முகக்கவசத்தை இறக்கினார்.

“ஆடுறதெல்லாம் விழாது அங்கிள். பிடுங்கிறது ஒரு நிமிஷ வேலை. திருப்பி வைக்கத்தான் ஏலாது. பொறுங்கோ, பாப்பம்.”

அந்தப் பல் இன்றைக்கும் என் வாயில் இருக்கிறது. நான் இப்போது டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில், மகன் வீட்டில் இருக்கிறேன். கட்டி நான்கு வருஷமான வீடு. சுவர்கள் நூல் பிடித்தாற்போல நேராக நிற்கின்றன. தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம் வருகிறது. தட்டிப் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. மருமகள் ஓரக்கண்ணால் பார்க்கிறாள்.

டாக்டரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் “ஏன் அங்கிள் என்னைக் கேக்காமல் எழுதினனீங்கள்?” என்று ஃபோன் வரும். அவர் ஃபோன் செய்தால் நாற்பது நிமிஷத்துக்குக் குறையாது. யாழ்ப்பாணத்துப் பெண்மணி, ஐம்பத்தைந்து வயதிருக்கும், நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் கடைத்தெருவுக்குப் பின்னால் கிளினிக் வைத்திருந்தார் என்பது போதும்.

எதையும் பிடுங்க மாட்டார். பல்லை மட்டும் சொல்லவில்லை. கிளினிக் வரவேற்பில் ஒரு பெண் இருந்தாள். ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரச் சொல்வாள். நான் போன ஒன்பது தடவையில் ஐந்து தடவை அப்படி நடந்தது. இதை அவரிடம் நானே சொன்னேன். “பாவம், பழகிடுவா,” என்றார். அந்தப் பெண் ஆறு வருஷமாகப் பழகிக்கொண்டிருந்தாள். அவர் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து தொங்கியதைப் பல்லிடுக்கில் விட்டு இழுக்கும் நூலால் கட்டி வைத்திருந்தார். புதினா வாசனை உள்ள நூல். காரில் ஏறும்போதெல்லாம் அந்த வாசனை வந்தது. ஃப்ரீவேயில் போகும்போது நான் அந்தக் கண்ணாடியைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

வீட்டைப் பற்றி எனக்குத் தெரியவந்தது நாற்காலியில் படுத்திருந்தபோது. மற்ற பல் டாக்டர்கள் கூரையில் டி.வி. மாட்டியிருப்பார்கள். இவர் ஒரு புகைப்படத்தை ஒட்டியிருந்தார். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் தெரிகிற பழைய வீடு. மேல்மாடி கீழ்த்தளத்தைவிட ஒரு முழம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. செங்குத்தான ஓட்டுக்கூரை, நடுவில் கோபுரம் மாதிரிப் புகைபோக்கி. வாயைத் திறந்தபடி அரை மணி நேரம் கிடப்பவன் வேறென்ன செய்வான், எண்ணினேன். வாயிலிருந்து பஞ்சை எடுத்ததும் சொன்னேன்:

“முன்பக்கம் நிமிர்ந்த மரம் பதினேழு, குறுக்கு மரம் ஆறுங்க. வலது ஓரத்தில ரெண்டு வளைஞ்சிருக்குது. அந்த வீடு விழுந்துடாதுங்களா டாக்டர்?”

அவர் கையுறையைக் கழற்றாமலே என் தோளைப் பிடித்துக்கொண்டார். “இது என்ர வீடு. மூண்டு வருஷமா இந்தப் படம் இருக்கு, ஒரு சனம் எண்ணிச் சொல்லேல்லை! சனிக்கிழமை வாறியளே?”

இப்படித்தான் நான் போகத் தொடங்கினேன். அப்போது நான் எடிசனில் மகள் வீட்டில் இருந்தேன். மகள் வேண்டாம் என்றாள். “அப்பா, அங்க போய் ஏணி மேல எல்லாம் ஏறாதீங்க. உங்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது.” நானும் ஏறக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வீடு இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் நானூறு வருஷத்துக்கு முன் கட்டப்பட்டது. விவசாயி ஒருவரின் வீடாம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் அமெரிக்கப் பணக்காரர் அதைப் பார்த்து ஆசைப்பட்டு, மரம் மரமாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, எடிசனிலிருந்து இருபது நிமிஷத் தொலைவிலுள்ள இந்த ஊரில் மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார். கழற்ற முடிந்ததற்குக் காரணம், அதன் எலும்புக்கூட்டில் ஓர் ஆணிகூட இல்லை. ஓக் மரத்தில் துளை போட்டு, இன்னொரு ஓக் மரத்தின் நாக்கை அதில் செருகி, மர முளை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். சட்டங்களுக்கு நடுவில் குச்சிகளைத் தட்டிபோலப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் பூசி, மேலே சுண்ணாம்பு. சன்னல்களில் உள்ளங்கை அகலச் சாய்சதுரக் கண்ணாடிகள், ஈயப் பட்டியில் கோத்தவை. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு, அதில் பதினான்கு விரிசல். கூடத்தில் அடுப்பென்று ஒன்று, நான்கு பேர் உள்ளே நிற்கலாம். வாசல்கள் குனிந்து போகும் உயரம். மேல்மாடியில் என் பிரஷர் மாத்திரை கை தவறி விழுந்தது. தானாகவே ஏழடி உருண்டு அறையின் நடுவில் போய் நின்றது.

டாக்டரின் கணவர் ஆறடி இரண்டு அங்குலம். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், இரவு வேலை. நான் முதல் நாள் போனபோது நெற்றியில் பிளாஸ்திரியோடு வரவேற்றார். சமையலறை வாசலின் மேல்சட்டத்தில், குழந்தைகள் நீச்சல் குளத்தில் மிதக்க வைத்துக்கொள்ளும் மஞ்சள் பஞ்சுக் குழாயைக் கட்டியிருந்தார்.

“ஊரையே மயக்கிற எனக்கு நித்திரை இல்லை அங்கிள்,” என்றார். “காலமை எட்டு மணிக்கு வாறன். படுக்கை அறைக் கதவு நாலு அங்குலம் திறந்தபடி நிக்குது, மூடாது. கீழ இவ மிக்ஸி போட்டா என்ர தலைக்குள்ள கேக்குது. வித்துப்போட்டு நேரான வீடு ஒண்டு வாங்குவம் எண்டா இவ கேக்கிறாவே?”

“கதவு மூடாட்டி வீட்டை விக்கிறதே? அப்ப வாய் மூடாத ஆக்களை என்ன செய்யிறது?” என்று சமையலறையிலிருந்து டாக்டர் கேட்டார்.

கிரகப்பிரவேசக் கதையைக் கணவர்தான் சொன்னார். பால் காய்ச்ச வேண்டுமல்லவா? இவ்வளவு பெரிய அடுப்பு இருக்கும்போது மின்சார அடுப்பில் ஏன் காய்ச்ச வேண்டும் என்று டாக்டர் அந்த அடுப்புக்குள் மூன்று செங்கல் வைத்துப் பானை ஏற்றியிருக்கிறார். புகைபோக்கியின் மூடி மேலே அடைத்திருப்பது யாருக்கும் தெரியாது. பால் பொங்கவும், வீடு முழுக்கப் புகை பொங்கவும் சரியாக இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டு இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. உள்ளே ஓடி வந்த ஏழு பேரில் ஐந்து பேர் வாசலில் தலையை இடித்துக்கொண்டார்கள். ஹெல்மெட் இருந்ததால் பாதகமில்லை. பொங்கல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

“பால் கிழக்க பொங்கினதே, மேற்க பொங்கினதே எண்டு புகைக்குள்ள ஆருக்கும் தெரியேல்லை,” என்றார் கணவர். “அதுதான் நித்திரை இல்லை.”

ஜூன் மாதம் ஓர் எஞ்சினியர் வந்து பார்த்தார். மேல்மாடித் தரை நடுவில் மூன்றரை அங்குலம் இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்கும், இரும்பு உத்தரம் போட்டு மரத்தையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்துவிட வேண்டும் என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டரின் முகத்தை நான் பார்த்தேன். மூன்று டாக்டர்கள் என் பல்லைப் பற்றிச் சொன்னதை அவரிடம் சொன்னபோது இருந்த அதே முகம்.

ஊரில் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற ஒரு குழு உண்டு. டாக்டர் அவர்களிடம் போனார். அவர்கள் மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டார்கள். இந்த வீட்டின் சரித்திரம் இங்கிலாந்தில் நடந்தது, இந்த ஊரில் நடக்கவில்லை, ஆகவே எங்கள் பட்டியலில் வராது என்றார்களாம்.

“நூறு வருஷமா இஞ்ச நிக்குது அங்கிள். இன்னும் விசிட்டராம்!” என்று காரில் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். “எனக்குக் கூட க்ரீன் கார்ட் வந்திட்டுது.”

பட்டியலில் இல்லாத வீட்டை யாரும் இடிக்கலாம். ஒரு பில்டர் ஏற்கெனவே கணவருக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தார். அந்த இடத்தில் இரண்டு புது வீடு கட்டலாம் என்று அவர் கணக்கு. கடைசியில் கணவனும் மனைவியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். நவம்பரில், நன்றி நாள் விடுமுறைக்கு முந்தைய வாரம் எஞ்சினியர் மறுபடி வருவார். தரை ஆபத்து என்று அவர் எழுதினால் வீட்டை விற்பது. ஆபத்தில்லை என்று எழுதினால்? “பிறகு பாப்பம்,” என்றார் கணவர். அந்த ‘பாப்பம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் அந்த வீட்டின் பெரிய உத்தரம் போகிறது. அதன்மேல் யாரோ கறுப்புப் பெயின்டைப் பல அடுக்காகப் பூசியிருந்தார்கள். டாக்டர் சனிக்கிழமைகளில் ஏணி போட்டு, பல்லில் காறை சுரண்டும் கம்பியால் அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் கூடத்துப் பக்கம் மட்டும் முடித்திருந்தார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, டார்ச் அடிப்பேன். ஜூன் கடைசிச் சனிக்கிழமை, சமையலறைப் பக்கம் சுரண்டிய இடத்தில் உளியால் வெட்டிய கோடுகள் தெரிந்தன. முதலில் ஒரு கோடு. ஓரடி தள்ளி ஒரு தூணின் தலையிலும் ஒரு கோடு. பிறகு இரண்டு.

“இது தச்சர் போட்ட நம்பர்,” என்றார் டாக்டர். “நிலத்தில வச்சுப் பொருத்திப் பாத்திட்டு, எது எதுக்குள்ள போகுது எண்டு ரெண்டிலயும் ஒரே நம்பர் வெட்டுறது. பிறகு தூக்கி நிறுத்திறது.”

எண் என்றதும் நான் இருப்புக்கொள்ளாமல், மகள் சொன்னதை மறந்து ஏணியில் ஏறிவிட்டேன். மற்ற எண்கள் இருக்கக்கூடிய இடங்களை மட்டும் அன்றைக்கே சுரண்டச் சொன்னேன். மூன்று கோடு, நான்கு கோடு, பிறகு ரோமன் ஐந்து, ஆறு. தூண்களுக்கு வந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. மறுபடி எண்ணினேன். கண்புரை அறுவை செய்த கண், நம்ப முடியாது. மூன்றாவது முறை கையால் தடவி எண்ணினேன். மாவட்டப் புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தவனுக்கு, கூட்டுத்தொகை இடித்தால் சோறு இறங்காது.

“டாக்டர், உத்தரத்தில ஆறு நம்பர் இருக்குதுங்க. தூணு அஞ்சுதான் இருக்குது. நாலாம் நம்பர் எங்கங்க?”

டாக்டர் நாலாம் எண்ணுக்கு நேர் கீழே பார்த்தார். அங்கே இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் நின்றுகொண்டிருந்தது. இவர்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்களோ, அவர்களுக்கும் முன்னால் இருந்தவர்களோ, அவ்வளவு அகலமான ஃப்ரிட்ஜை வைக்க இடமில்லாமல் தூணை அறுத்து எடுத்திருக்கிறார்கள். உத்தரத்திலிருந்த துளையை மக்கு வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் இறங்க, டாக்டர் ஏறிக் கம்பியால் குத்தினார். மக்கு உதிர்ந்து என் கண்ணாடியில் விழுந்தது.

“ஆரோ பிடுங்கிப் போட்டாங்கள்!” அவர் ஏணியில் உட்கார்ந்துவிட்டார். கோபமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. “ஒரு பல்லைப் பிடுங்கினா என்ன நடக்கும்? பக்கத்துப் பல்லெல்லாம் அந்த இடைவெளிக்குள்ள சாயும். மேல் பல்லு கீழ இறங்கும். இதைத்தானே நான் இருபத்தெட்டு வருஷமா வாறவனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறன்! இஞ்சாருங்கோ, கீழ வாங்கோ! வீட்டில ஒரு வருத்தமும் இல்லை, ஒரு பல்லுத்தான் இல்லை!”

மேலே தூங்க முயன்றுகொண்டிருந்த கணவர் இறங்கி வந்தார். பஞ்சுக் குழாயில் தலை இடித்தது.

எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்காமல் ஏணி கேட்டார். நாலாம் எண்ணின் நான்கு கோட்டையும் தடவிப் பார்த்துவிட்டு, தூணைத் திருப்பி வைத்துப் பாருங்கள், நவம்பரில் வருகிறேன் என்று போனார்.

பென்சில்வேனியாவிலிருந்து ஒரு தச்சர் வந்தார். தாடிக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒரு தூணின் அடி உளுத்திருந்ததைப் பார்த்து, உளுத்ததை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அந்த வடிவத்துக்கே புது ஓக் துண்டு செதுக்கிச் செருகினார். டாக்டர் அவர் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, இது ஃபில்லிங், இது ஃபில்லிங்தானே என்று ஆங்கிலத்தில் நான்கு முறை கேட்டார். நான்காவது முறைதான் அவர் ஆமாம் என்றார்.

உத்தரத்தை ஒரே நாளில் தூக்க முடியாது. தூக்கினால் சுவர் வெடிக்கும். திருகு ஜாக்கி ஒன்றை அடியில் நிறுத்தி, வாரத்துக்கு அரைக்கால் அங்குலம் என்று ஏற்ற வேண்டும் என்றார் தச்சர். “பல்லுக்குக் கம்பி போடுற மாதிரி,” என்று டாக்டர் எனக்கு மொழிபெயர்த்தார். ஃப்ரிட்ஜ் கராஜுக்குப் போனது. கணவர் டீக்குப் பால் எடுக்கத் தோட்டத்தைச் சுற்றி நடந்தார். சனிக்கிழமைதோறும் நான் அளவுகோலோடு போனேன். டாக்டர் திருகுவார்; வீடு முனகும். ஒவ்வொரு முனகலுக்கும் அவர் ஒரு சுவரைத் தடவி, “நோகுதோ? கொஞ்சம்தான், கொஞ்சம்தான்,” என்பார். என்னிடம் சொன்னதும் இதே வார்த்தைகள்தாம்.

பதினெட்டுச் சனிக்கிழமைகள். இரண்டே கால் அங்குலம் ஏறியது. இன்னும் ஒன்றே கால் அங்குலம் பாக்கி என்று நான் கணக்குச் சொன்னேன். அவர் “காணும்,” என்றார். போதும் என்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள்.

“எப்படிங்க போதும்? மட்டமே வரலைங்களே?”

“மட்டம் ஆருக்கு வேணும் அங்கிள்? கடி சரியா வந்தாக் காணும்.”

மேல்மாடிக்குப் போனார். நோயாளி பல்லைக் கடித்துக் காட்டும்போது நடுவில் வைக்கும் நீலக் காகிதத்தைப் படுக்கை அறைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினார். நான்கு அங்குலம் திறந்தபடி நின்ற கதவு நிலையைத் தொட்டது. எங்கே நீலம் ஒட்டியதோ அங்கே மட்டும் தச்சரை இழைக்கச் சொன்னார். அடுத்த வாரம் புதுத் தூணை நாலாம் இடத்தில் நிறுத்தினார்கள். அடியில் ஒரு ஜோடி ஓக் ஆப்பு. ஒரு பக்கம் தட்டினால் தூண் மயிரிழை ஏறும், மறுபக்கம் தட்டினால் மயிரிழை இறங்கும். தச்சர் அதைக் காட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு மரச்சுத்தியலையும் விட்டுவிட்டுப் போனார்.

எஞ்சினியர் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். நான் முந்தைய நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. மேல்மாடியில் நடுத்தரையில் நின்று குதித்தார். கருவியை வைத்துப் பார்த்தார். தரை சாய்வுதான், ஆனால் ஆபத்தில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

டாக்டர் கணவரைப் பார்த்தார். அவர் அப்போதுதான் இரவு வேலை முடித்து வந்திருந்தார், கண்ணெல்லாம் சிவப்பு.

“சந்தோஷம்,” என்றார். “விழாது. ஆனா விழாத வீட்டில நித்திரை இல்லாமல் இருக்கிறதுக்கு நான் ஓம் எண்டு சொல்லேல்லை. பில்டர் இண்டைக்குப் பதில் கேட்டவர். சொல்லத்தானே வேணும்?”

“சொல்லுங்கோ. அதுக்கு முன்னம் ஒருக்கா அந்தக் கதவைச் சாத்திப் பாருங்கோ. நான் இன்னும் இழுத்துச் சாத்தேல்லை. உங்கட கையால செய்யுங்கோ.”

ஃபோனைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு அவர் மாடி ஏறினார். நாங்கள் பின்னால் போனோம். உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். க்ளக் என்று ஒரு சத்தம். அவ்வளவு நல்ல சத்தத்தை அந்த வீட்டில் நான் கேட்டதில்லை. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு தாழ்ப்பாள் ஆடியது. மறுபடி ஆடியது. இரண்டு அங்குல ஓக் கதவுக்குப் பின்னாலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது: “இஞ்சாரும்! திறக்குதில்லை!”

“எனக்கு அப்பவே தெரியும்,” என்று நான் சொன்னேன். தெரியாது, பதற்றத்தில் சொன்னேன். “கீலைக் கழட்டிரலாங்களா டாக்டர்? கதவையே எடுத்துரலாம்.”

“விசரே அங்கிள்? ஒண்டையும் கழட்டத் தேவையில்லை.” கதவில் வாயை வைத்து உரக்கச் சொன்னார்: “பொறுங்கோ! இப்ப வீட்டை விக்கேலாது! உள்ள ஆள் இருக்கு!”

உள்ளேயிருந்து என்ன பதில் வந்ததென்று கேட்கவில்லை. டாக்டர் கீழே போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு தூணடியில் உட்கார்ந்தார். நான் கதவருகில் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு தட்டுத் தட்டுவார், பிறகு வீடு அசைந்து அமர ஐந்து நிமிஷம் விடுவார். “இப்ப?” “இல்லீங்க.” “இப்ப?” “அசையறாப்பல இருக்குதுங்க, ஆனா இல்லீங்க.” மூன்றாவது தட்டுக்குப் பிறகு உள்ளேயிருந்து தட்டும் சத்தம் நின்றுவிட்டது. கூப்பிட்டேன், பதில் இல்லை. காலையில் சாப்பிட்டாரோ இல்லையோ, சர்க்கரை இறங்கி மயங்கியிருப்பாரோ என்று மறுபடி கூப்பிட்டேன். ஏழாவது தட்டில் தாழ்ப்பாள் வெண்ணெயில் விரல் போவதுபோல மேலே போனது.

அவர் மயங்கியிருக்கவில்லை. காலில் ஷூவோடு, கோட்டோடு, கட்டிலில் குறுக்கே கிடந்து தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை வந்தது. டாக்டர் போய் ஷூவைக் கழற்றினார். அந்த வீட்டில் அவர் எதையாவது கழற்றி நான் பார்த்தது அது ஒன்றுதான். வெளியே வந்து கதவைச் சாத்தினார். க்ளக்.

கீழே மேசையில் ஃபோன் அடித்தது. பில்டரின் பெயர் தெரிந்தது. எடுக்க வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். டாக்டர் எடுத்தார். கணவர் தூங்குகிறார், எழுப்ப முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்க, இவர் உட்கார்ந்துகொண்டு, பில்டருக்கு ஏதாவது பல்வலி உண்டா, கடைசியாக எப்போது காட்டினார் என்றெல்லாம் விசாரித்துவிட்டு வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, வேண்டுமென்றே, மிக்ஸியில் சட்னி அரைத்தார். நாங்கள் இருவரும் கூரையைப் பார்த்தோம். மேலே ஓர் அசைவும் இல்லை.

மாலை ஐந்தரைக்குக் கணவர் இறங்கி வந்தார். எட்டே முக்கால் மணி நேரம். கன்னத்தில் தலையணைத் தையல் பதிந்திருந்தது. ஃபோனை எடுத்துப் பார்த்தார்.

“ஆரும் எடுத்தவையே?”

“ராங் நம்பர்,” என்றார் டாக்டர், வெங்காயம் நறுக்கியபடி.

அவர் திரையை இன்னொரு முறை பார்த்தார். “ராங் நம்பரோட பதினொரு நிமிஷம் கதைச்சனீரோ?”

“நல்ல மனுசன். மேல் வரிசையில ரெண்டு பல்லுப் பிழை போல.”

அவர் ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார். “அங்கிள், டீ குடிப்பமே?” என்று என்னைக் கேட்டுவிட்டு, பால் எடுக்கக் கராஜுக்கு நடந்தார்.